மருந்து வரிசைக்கு முன்னால் ஜெபம் வேண்டுமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் சபை வாலிபர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும் ஒரு டாக்டரும் நாங்கள் சில வாலிபர்களும் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஓர் ஆற்றங்கரை ஊருக்கு மருந்தோடு போனோம். டோக்கன் கொடுப்பதற்கு முன்னால் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு பாட்டு, சின்னதாக ஒரு ஜெபம், ஆளுக்கு ஒரு கைப்பிரதி. பேதியாகிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி வந்த ஒரு அம்மா பாதியில் எழுந்து, மருந்து வாங்காமலே போய்விட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவர், "மருந்து கொடுக்கதுன்னா கொடுங்க தம்பி, இது வேண்டாம்" என்றார். சபையில் இதைச் சொன்னபோது ஒரு மூப்பர், "சுவிசேஷம் இல்லாமல் மாத்திரை மட்டும் கொடுக்க சபை எதற்கு? அதற்குத்தான் அரசாங்கம் இருக்கிறதே" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மழைக்காலம் நெருங்குகிறது. மறுபடி அப்படி ஒரு வெள்ளம் வந்தால் நாங்கள் எப்படிப் போக வேண்டும்? ஜெபத்தை விட்டுவிட வேண்டுமா? கையில் என்னென்ன எடுத்துப் போகலாம்?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தப் பிள்ளைதான். மூப்பரின் கேள்விக்குப் பதிலைப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளத்துக்குப் பிறகு ஓர் ஆற்றங்கரை ஊரில் சுற்றிலும் தண்ணீர் நிற்கும், குடிக்கத்தான் தண்ணீர் இருக்காது. கிணற்றில் சேறு, குழாயில் சாக்கடை கலந்திருக்கும், அடுப்பு நனைந்து கிடக்கும். அந்த நிலைமையில் பேதியாகிற சின்னப் பிள்ளையின் உடம்பு சில மணி நேரத்திலேயே வற்றிவிடும். அன்றைக்கு அந்தத் தாய்க்கு எட்டுகிற தூரத்தில் இருந்த ஓஆர்எஸ் பாக்கெட் உங்கள் மேஜையில் இருந்தது மட்டுமாகவே இருந்திருக்கலாம். அது அவர் கைக்குப் போகவில்லை. ஆகவே டாக்டர் என்ற முறையில் எனக்கு இது முதலில் சிகிச்சையில் வந்த தவறு. மதம் பற்றிய விவாதமெல்லாம் அதற்கு அப்புறம்தான். மருந்துக்கு முன்னால் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் அது ஒரு வாசலாகிவிடும். சிலர் அந்த வாசலைத் தாண்டி வர மாட்டார்கள். வராமல் போகிறவர்களில் யாருக்கு நோய் முற்றியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

"நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே" என்று உங்கள் சங்கத்துப் பிள்ளைகள் சொல்வார்கள். உண்மையாகவே அவர்கள் மனதில் கட்டாயம் இருந்திருக்காது. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிறவரின் இடத்திலிருந்து பாருங்கள். வீட்டுக்குள் முழங்கால் சேறு. வாழை சாய்ந்துவிட்டது. ரேஷன் கார்டு, பத்திரம், பிள்ளையின் மார்க் ஷீட் எல்லாம் போய்விட்டது. மாத்திரை உங்கள் கையில் இருக்கிறது, அவர் கையில் ஒன்றுமே இல்லை. அந்த நேரத்தில் "ஜெபிக்கலாமா?" என்று நீங்கள் கேட்டால் அவர் சரி என்றுதான் சொல்வார். வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலைமையில் இல்லாத ஒருவர் சொல்கிற சரியை நாம் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்து வாங்கும்போது இதையேதான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

இப்போது மூப்பர் கேட்டது. அவரைச் சின்னவராக நினைக்காதீர்கள், அவர் கேட்டது நல்ல கேள்விதான். அவரிடம் நல்ல சமாரியனை ஞாபகப்படுத்துங்கள். எரிகோவுக்குப் போகிற வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் அந்த மனிதன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான், அதற்கு மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். அடிபட்டவனிடம் அவன் தன் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாகக் கதையில் இல்லை. பிறன் யார் என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் இயேசு அந்தக் கதையைச் சொன்னார். அந்த மனிதன் செய்தது முழுமையான ஊழியம் இல்லை என்று மூப்பர் சொல்வாரா? கட்டுப் போட்டதோடு போய்விடாமல் திரும்பி வருகிறேன் என்று அவன் சொன்னதையும் கவனியுங்கள். கீழே அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

இன்னொன்றும் அவருக்குச் சொல்லலாம். பேரிடர் நிவாரணத்துக்குப் போகிறவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று செஞ்சிலுவை இயக்கமும் பெரிய தொண்டு அமைப்புகளும் சேர்ந்து 1994-ல் பத்து நெறிகளை வகுத்தார்கள். ஒரு தொண்டு அமைப்புக்குத் தன் மத நம்பிக்கையைச் சொல்லும் உரிமை உண்டு, ஆனால் உதவியை அந்த நம்பிக்கையோடு முடிச்சுப் போடக் கூடாது என்பது அதில் மூன்றாவது. அதை முன்னின்று வகுத்தவர்களில் கத்தோலிக்கரின் காரித்தாஸ், லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியவையும் உண்டு. தென்னிந்தியத் திருச்சபை அந்த மன்றத்தின் உறுப்பினர். ஆகவே இது வெளியாட்கள் நம் மேல் சுமத்திய விதி என்று யாரும் சொல்ல முடியாது.

நம் திருநெல்வேலிச் சீமைக்கு இதில் ஒரு பழைய காயமும் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மிஷனரிகள் கஞ்சி ஊற்றினார்கள், உயிர்களைக் காப்பாற்றினார்கள். அதை ஒட்டி இங்கே ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். மனப்பூர்வமாகச் சேர்ந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஆனாலும் சோற்றுக்காக மாறியவர்கள் என்ற ஏச்சைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நானும் இதே சபைகளில் வளர்ந்தவள், அந்த ஏச்சு எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும். வெள்ளத்தில் நிற்கிற ஒருவர் நாளைக்கு உண்மையான விருப்பத்தோடு சபைக்கு வந்தாலும், "ஒரு அட்டை மாத்திரைக்குப் போனான்" என்று ஊர் அவரைச் சொல்லும்படி நாம் செய்யலாமா? அவருடைய விசுவாசத்தை மதிக்கிறவர்கள் அந்தப் பழி வர இடம் கொடுக்க மாட்டார்கள்.

சரி, அப்படியென்றால் ஜெபத்தை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். பிரித்து வையுங்கள், அவ்வளவுதான்.

மருந்து கொடுக்கிற இடத்தில் பாட்டு, கைப்பிரதி, வசனம் எழுதிய பேனர் எதுவும் வேண்டாம். சபையின் பெயரை மறைக்கவும் வேண்டாம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் நேராகச் சொல்லுங்கள், மறைத்தால்தான் சந்தேகம் வரும். மருந்து மேஜையில் இருக்கிறவர்கள் தாங்களாக ஜெபத்தைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது. யாராவது அவர்களாகவே கேட்டால், "எய்யா, எனக்காக ஒரு ஜெபம் பண்ணுவியா?" என்று ஒரு ஆச்சி உங்கள் கையைப் பிடித்தால், கூச்சப்படாமல் செய்யுங்கள். மருந்து கொடுத்து முடித்த பிறகு, வரிசையை விட்டுத் தள்ளி உட்கார்ந்து, மெதுவான குரலில், சுருக்கமாக. அவர் கேட்டதற்காக ஜெபியுங்கள். அந்த ஜெபத்துக்குள் அவருக்கு ஒரு பிரசங்கத்தை வைக்காதீர்கள். அதிகம் பேச விரும்புகிறவர் இருந்தால் உங்கள் சபைக் குருவான சேகர ஐயரிடமோ உள்ளூர் உபதேசியாரிடமோ சொல்லுங்கள். தண்ணீரெல்லாம் வடிந்து, அவர் தன் வீட்டில் தன் நாற்காலியில் உட்கார்ந்து, வேண்டுமென்றால் வேண்டும், வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லக்கூடிய நாளில் அவர்கள் போய்ப் பார்க்கட்டும்.

ஆவிக்குரிய உதவி என்பது ஜெபம் மட்டும் இல்லை என்பதையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒரு ஆச்சியின் சாமி படம் சேற்றில் கிடந்தால் அதை எடுத்துக் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கத் தயங்குகிற வாலிபரை இந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். காயல்பட்டினம் பக்கம் போனால் தொழுகைக்கு முன் கைகால் கழுவ ஒரு குடம் தண்ணீர் தேவைப்படும், அதையும் யோசித்து வையுங்கள். துக்கத்தில் இருக்கிறவரை அவருடைய நம்பிக்கைதான் தூக்கி நிறுத்தும். உங்கள் நம்பிக்கை அந்த நேரத்தில் உங்களைத் தாங்கினால் போதும்.

துக்கத்தில் இருப்பவர்களிடம் என்ன சொல்லக் கூடாது என்பது இன்னும் முக்கியம். "கடவுள் சோதிக்கிறார்", "பாவம் பெருகிவிட்டது, அதனால்தான்", "உயிராவது மிஞ்சியதே, ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்பதெல்லாம் நம் வாயில் சுலபமாக வந்துவிடும். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. மனநல முதலுதவிக்கு உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட கையேடும் ஏறக்குறைய இந்த வழியைத்தான் சொல்கிறது: பார், கேள், தேவையான இடத்தோடு இணைத்துவிடு. நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. அவராகச் சொன்னால் கேட்க வேண்டும். அண்ணன் மகன் சென்னையில் இருக்கிறான், போன் தொலைந்துவிட்டது என்று அழுகிறவருக்கு உங்கள் போனைக் கொடுத்துப் பேச வைப்பதுதான் அந்த மணி நேரத்தின் ஆறுதல்.

இனி மருந்துப் பெட்டி. நீங்கள் நர்ஸ் என்பதால் விளக்கம் குறைவாகவே போதும். டாக்டர் உங்களோடு வராத நாளில் ஆன்டிபயாட்டிக் கொடுக்காதீர்கள், ஊசி போடாதீர்கள். ஜனங்கள் ஊசிதான் கேட்பார்கள், சமாளியுங்கள். சபையில் அறிவிப்புக் கொடுத்தால் ஆளாளுக்கு வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைப் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். அவற்றைத் தொடவே தொடாதீர்கள். அந்த மனதைப் பணமாகக் கேட்டு வாங்கி, காலாவதிக்கு ஒரு வருடமாவது இருக்கிற மருந்தை மொத்தமாக வாங்குங்கள்.

ஓஆர்எஸ் வாங்கும்போது பாக்கெட்டின் அளவைப் பாருங்கள். பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், சின்னதற்கு 200 மில்லி. இரண்டையும் கலந்து கொண்டுபோனால் யாராவது பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள், அது ஆபத்து. ஆகவே ஒரே அளவில் வாங்குங்கள், அளக்கிற பாட்டிலையும் கூடவே கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஆறு மாதம் தாண்டிய பிள்ளைகளுக்குப் பேதி நின்றாலும் ஜிங்க் மாத்திரை 20 மில்லிகிராம் வீதம் 14 நாள் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு முதல் ஆறு மாதம் வரை பாதி அளவு.

சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு, காயத்துக்குக் கட்டுத்துணி, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால். டெங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை வலி மாத்திரைகளான டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வேண்டாம். சேற்றில் கால் கிழிந்தவர்களை டெட்டனஸ் தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பாம்புகளும் வீடு இழந்துதான் வந்திருக்கும். கடித்தால் கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது எதுவும் கூடாது. கடிபட்ட பக்கத்தை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனை, 108.

ஆனால் எல்லோரும் மறந்துபோகிற மருந்து ஒன்று உண்டு: தினமும் சாப்பிடுகிற மாத்திரை. சர்க்கரை, பிரஷர், வலிப்பு, காசநோய், மனநோய், இதய நோய் எதற்கானாலும் வெள்ளம் முதலில் அடித்துக்கொண்டு போவது தகரப் பெட்டிக்குள் இருந்த அந்த அட்டையைத்தான். இன்சுலின் மிஞ்சினாலும் கரண்ட் இல்லாத வீட்டில் அதைக் குளிர்ச்சியாக வைக்க வழியில்லை. ஒருவர் காய்ச்சல் என்று வந்தாலும் "தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுவீங்களா?" என்று தவறாமல் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் யார் யாருக்கு என்ன மாத்திரை என்ற விவரம் சுகாதார நிலையத்தில் இருக்கும், நர்சம்மாவைப் பிடித்தால் கிடைத்துவிடும்.

இந்த இடத்தில் கடுமையாகவே ஒன்று சொல்ல வேண்டும். "விசுவாசத்தோடு ஜெபித்துவிட்டோம், இனி மாத்திரை வேண்டாம்" என்று உங்கள் குழுவில் யாராவது ஒருவர் ஒரே ஒரு நோயாளியிடம் சொன்னாலும் அவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வலிப்பு மாத்திரையை நிறுத்தினவர், இன்சுலினை நிறுத்தினவர் எல்லாம் சில நாளில் எந்த நிலைமையில் வருவார்கள் என்று நீங்கள் வார்டில் பார்த்திருப்பீர்கள். நாசரேத்தில் 1870-ல் டாக்டராகவும் குருவாகவும் இருந்த ஸ்ட்ராச்சன் மருத்துவப் பணியைத் தொடங்கிய சீமை இது. மருந்தையும் ஜெபத்தையும் எதிரெதிரே நிறுத்துகிற பழக்கம் நம் முன்னோர்களிடம் இல்லை.

இப்போது திரும்பி வருவதைப் பற்றி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஒரு வருஷத்து மழை. தாமிரபரணி கரை புரண்டது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது, ஏரல் பக்கம் பாதை துண்டித்துப்போனது. அடுத்த சில நாளில் எங்கிருந்தெல்லாமோ வண்டிகள் வந்தன. பள்ளிவாசலிலும் கோயிலிலும் சர்ச்சிலும் சமைத்துப் போட்டார்கள். கிறிஸ்துமஸ் தாண்டியதும் வண்டிகள் குறைந்தன. நோயின் கணக்கோ வேறு. எலிக்காய்ச்சல் கிருமி தண்ணீரில் நின்ற கால் வழியாக இன்றைக்கு உடம்புக்குள் போனால் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துத்தான் வரும். டெங்கு கொசு வளர்ந்து வரவும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதாவது வாழைப்பழமும் பிரெட்டும் கொடுத்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பிய பிறகுதான் காய்ச்சல் ஆரம்பிக்கிறது. எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பாக டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் வாரம் ஒருமுறை கொடுப்பார்கள். 2018 கேரள வெள்ளத்தில் அதைப் பெரிய அளவில் கொடுத்தார்கள். சேற்றில் இறங்கி வேலை செய்கிற உங்கள் பிள்ளைகளுக்கும் அது தேவைப்படும். ஆனால் கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் ஆகாது. அதனால் சுகாதாரத் துறை சொல்கிறபடி, டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை தாங்க முடியாமல் வலித்தால், கண் சிவந்தால், சிறுநீர் குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஆகவே ஒரே ஊரைப் பிடியுங்கள். ஐந்து ஊருக்கு ஒரு நாள் போவதை விட்டு ஒரே ஊருக்கு முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம் வாரம் போங்கள். முதல் தடவை கூச்சமில்லாமல் மருந்து வாங்கிப் போன அம்மாதான் இரண்டாம் வாரம் காய்ச்சல் என்று வாய் திறந்து சொல்வார். முதல் தடவை எழுந்து போனவர் சொல்ல மாட்டார்.

நான்காம் வாரம் மனதைப் பார்க்க வேண்டிய வாரமும்கூட. தூக்கமில்லை, மழைச் சத்தம் கேட்டாலே நடுக்கம், குடி கூடிவிட்டது, கடனுக்கு வைத்த வாழை போய்விட்டது, "இனி இருந்து என்ன" என்ற பேச்சு. இப்படி ஒருவர் பேசினால் சாகிற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் உறவினர் மூலம் அப்புறப்படுத்துங்கள். 14416-க்கு அழைத்தால் மனநல ஆலோசகரிடம் பேசலாம், காசு கிடையாது. அன்றைக்கு அவரைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள்.

போட்டோ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நோயாளியின் முகம் தெரியும் படம் வாட்ஸ்அப்பில், சபைப் பத்திரிகையில், காணிக்கை கொடுத்தவர்களுக்கு என்று எங்கேயும் போகக் கூடாது. யார் ஜெபம் கேட்டார் என்பதை ஞாயிற்றுக்கிழமை சாட்சியாகவும் சொல்லக் கூடாது. டிசம்பரில் வெள்ளம் வந்தால் கேரல் ரவுண்ட்ஸையும் நிவாரணத்தையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் மருந்து கொடுக்காதீர்கள். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு வைத்திருக்கிற அண்டாக்களையும் கரண்டிகளையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், கொதிக்க வைத்த தண்ணீர்தான் அங்கே முதல் மருந்து.

மழை தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. போன தடவை போன அதே ஊருக்கு, மருந்தும் கூட்டமும் இல்லாமல் நீங்களும் இன்னொருவரும் போங்கள். அந்தப் பெரியவரைப் பார்த்து, அன்றைக்கு அவர் சொன்னது சரிதான் என்று சொல்லிவிட்டு, இனி வெள்ளம் வந்தால் மேஜையை எங்கே போடலாம், தண்ணீர் ஏறாத மேட்டுப் பகுதி எது, நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அவரையே கேளுங்கள். அவர் சம்மதித்தால் அந்த அம்மாவின் வீட்டுக்கும் போய்ப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். திரும்பும் வழியில் அந்த ஊருக்கான ஆரம்ப சுகாதார நிலையத்தின் மெடிக்கல் ஆபீசரைப் பார்த்து, உங்கள் குழுவில் யார் நர்ஸ், யார் பார்மசிஸ்ட், யாரிடம் வண்டி இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். மூப்பரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.